வாட்டம் தெளியும்வரை

செம்பருத்தியை இடம் மாற்றுவது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு மண்வெட்டியைத் தேடுவார்கள். புது வீட்டில் வெறும் குச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் நாற்றுப் பண்ணையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். என் கையால் பெயர்த்து நட்ட செடி பட்டுப்போனதில்லை. கைராசி என்பார்கள். ராசியெல்லாம் இல்லை, பொறுமைதான்.

நாங்கள் பத்தொன்பது வருடம் இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். பின்பக்கம் மூன்று செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஒரு சின்ன மல்லிகை. எல்லாம் என் மனைவி கேட்டு நான் வைத்தவை. ஊருக்கு வெளியே, பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். அவளிடம் சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"செடியெல்லாம் நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் வரல. தம்பி வீட்டுல இருந்துக்கிறேன்," என்றாள்.

சண்டையா என்று கேட்காதீர்கள். சண்டை போடும் அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. அவள் இல்லாத வீட்டுக்குள் எனக்கு நுழையவே தெரியாது.

ஊன்றிப்போன செடியை ஒரேயடியாகப் பிடுங்கக் கூடாது. முதலில் ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு மூன்று வாரம் அப்படியே விட வேண்டும். கொஞ்சம் முகம் வாடும், பிறகு சமாளித்துக்கொள்ளும். அப்புறம் மறுபக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பருத்திகளுக்கு ஒரு பக்கம் அறுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனேன். என் மனைவி பாதிப் பகலுக்கு அவள் மெஷின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

"மோதிரம் ஒண்ணு காணோம். உங்க மேலதான் சந்தேகம்னு சொல்றா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க," என்றேன்.

மறுநாளிலிருந்து அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. என் மனைவி இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மூன்று வாரம் கழித்து மறுபக்க வேர். அவள் தம்பியைக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டி ஏதோ பேசினதுல உங்கக்காவுக்கு மனசு விட்டுப்போச்சு. கொஞ்ச நாள் போன் பண்ணாத," என்றேன். அவள் போனில் அவன் எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றி வைத்தேன். அவள் கூப்பிடும்போதெல்லாம் யாரும் எடுக்கவில்லை. அவனுக்கும் குடும்பம் இருக்கிறதே என்றேன். வண்டி வந்த அன்று அவளும் ஏறி, மல்லிகையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செடிகளை நட்டு முடித்த மாலை அவள் சொன்னாள்: "நாளைக்குத் தம்பி வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேங்க."

நட்டதை அசைத்தால் வேர் பிடிக்காது. வாட்டம் தெளியப் பதினைந்து நாள் ஆகும், அதுவரை நிழல் வேண்டும். பின்னறை ஜன்னலுக்கு நிழல்வலையை நாலு மடிப்பாகக் கட்டினேன். அவள் உள்ளே படுத்திருந்தபோது கதவைப் பூட்டினேன். போனை நானே வைத்துக்கொண்டேன்.

துளிர் வரும்வரை உரமும் வைக்கக் கூடாது, கருகிவிடும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, காலையும் மாலையும் ஊசி. அந்த மருந்தை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தேன். தூக்கிப் போடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஊசிய மட்டும் குடுத்துடுங்க. நான் எங்கயும் போகல," என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். பொறுத்துக்கோ," என்றேன்.

தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதிகம் ஊற்றினால் வேர் அழுகும் என்று காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு வைத்தேன். மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். நான்காம் நாள் அவள் மூச்சு வாங்குவது கூடம்வரை கேட்டது. ஐந்தாம் நாள் சத்தம் அடங்கியது. வாட்டம் தெளிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு கதவைத் திறக்கவில்லை. பண்ணையிலும் நட்ட செடியை நான் தோண்டிப் பார்ப்பதில்லை.

ஒன்பதாம் நாள் அவள் தம்பி வந்தான். பழைய வீட்டுக்குப் போய்த் தையல்காரம்மாவிடம் பேசியிருக்கிறான்.

"மாமா, அக்கா எங்க?"

தூங்குகிறாள் என்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் பூட்டை உடைத்தான்.

பூட்டியது நான்தான். ஊசியை நிறுத்தியதும் நான்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியுமா எனக் கேட்டீர்கள். தெரியும். பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஊசி போட்டுவிட்டவனே நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கணக்கு பதினைந்து நாள். அவன் ஒன்பதாம் நாளே கதவைத் திறந்துவிட்டான்.