தொப்பியில் இருக்கும் பறவை யாருடையது?

கொந்தளிக்கும் இந்தக் கூட்டத்தைக் கட்டிக் காக்கும் தலைவர், நம் கோல்டர் ஹார்பர் மேயர், மதிப்புக்குரிய டோரீன் மக்வா அவர்களே! முதல் வரிசையில் முதுகு நிமிர்த்தி வீற்றிருக்கும் மூத்தோரே! விடியுமுன் விழித்தெழுந்து, பிள்ளைகளின் சறுக்குக் காலணிக்கு நாடா கட்டி, பனிப்புயலிலும் பழைய காரை ஓட்டி, விறைத்த விரல்களை ஊதி ஊதிச் சூடேற்றிய தாய்மார்களே! இடப்பக்கம், கழற்றாத மேலங்கியும் கழற்றாத கையுறையுமாக, எந்த நேரமும் எழுந்து போய்விடும் தோரணையில் அமர்ந்திருக்கும் அணியின் உரிமையாளர் வெர்னா பக்காலா அம்மையாரே! வலப்பக்கம், சுவரில் சாய்ந்து கைகட்டி நிற்கும் கேப்டன் கார்னெட் பூஷே அவர்களே! அவர் பின்னால் சுவருக்கு ஒரு சுவராக நிற்கும் லூன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் வீரச் செல்வங்களே! கதவோரம் நிற்கும் பேக்கரி ஆர்வோவே!

என்ன ஆர்வோ? "பேரு சொல்லியே ராத்திரி போயிடும்"னா சொல்றே? சரி, முடித்துவிட்டேன். விட்டுப்போனவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய வணக்கம்!

அன்புடையீர்! எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் பனித்தளம் பூட்டிக் கிடக்கிறது. நவம்பர் வந்துவிட்டது, மட்டைச் சத்தம் வரவில்லை. விளக்கு எரிய வேண்டிய அரங்கில் இருட்டு. கூச்சல் கேட்க வேண்டிய கூரைக்குக் கீழே புறா கூவுகிறது. உரிமையாளர் கதவடைத்தார், வீரர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். நாளை நண்பகலுக்குள் ஒப்பந்தம் லீக் அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், நம் லூன்ஸ் அணி விற்கப்படும். வாங்கப்போகிறவர் தெற்கே ஒரு பெருநகரத்துக்காரர். அணியின் பெயரை எடுத்துக்கொள்வார், ஆட்களை எடுத்துக்கொள்வார், நம் ஊரை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போவார்.

இரண்டு தரப்பும் எதிலும் ஒத்துப்போகவில்லை, ஒன்றைத் தவிர. "ரெய்னோ சல்மேலா சொல்லட்டும். ஊர் முன்னால சொல்லட்டும். அதுக்குக் கட்டுப்படறோம்" என்றார்கள். ஏன் என்னை? வெர்னாவின் மாமனார் அணியை நடத்திய காலத்தில் நான் இந்த அணியின் தற்காப்பு வீரன். கார்னெட் சிறுவனாக இருந்தபோது அவனுக்குப் பின்னோக்கிச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவன். இருவரும் என் வீட்டு மீன் சூப்பைக் குடித்தவர்கள். அதனால் நான் நடுநிலை என்று நினைத்துவிட்டார்கள்.

தலைவர் அவர்களே, நான் நடுநிலையில் இல்லை. நான் நடுக்குழப்பத்தில் இருக்கிறேன்!

சிரிக்காதீர்கள். காலையில் குழம்பினேன், காபி குடித்தும் குழம்பினேன். நீராவிக் குளியலில் உட்கார்ந்து வியர்வை எல்லாம் வெளியே வந்தது. குழப்பம் மட்டும் உள்ளேயே இருந்தது.

விஷயம் என்ன? நம் ஒப்பந்தம் எளிமையானது. ஆட்டத்தால் வரும் வருமானத்தில் பாதி உரிமையாளருக்கு, பாதி வீரர்களுக்கு. அழகான ஏற்பாடு! ஆனால் ஆட்டத்தால் வரும் வருமானம் எது? நுழைவுச்சீட்டுக் காசு? சந்தேகமே இல்லை. கார் நிறுத்தும் காசு? பீர்க் காசு? தொத்திறைச்சிக் காசு? நம் அணியின் சின்னமான லூன் நீர்ப்பறவை போட்ட தொப்பி, லூன் பறவை போட்ட ஜெர்சி, லூன் பறவை போட்ட குழந்தைச் சட்டை, இவற்றின் காசு?

நம் ஆர்வோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரங்குக்கு வருகிறார், காரை நிறுத்துகிறார், தொப்பி வாங்குகிறார், பீர் குடிக்கிறார். ஆட்டம் தொடங்கியதும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விடுகிறார். விடியற்காலை மாவு பிசைந்த களைப்பு. நான் கேட்கிறேன், ஆட்டத்தையே பார்க்காத ஆர்வோவின் பணம் ஆட்டப் பணமா, தூக்கப் பணமா?

"கோல் விழுந்தா முழிச்சுக்குவேன்!" என்கிறார். போன வருஷம் நம் ஆட்கள் கோல் போட்ட அழகுக்கு நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய், ஆர்வோ. கார்னெட், முறைக்காதே!

முதலில் வெர்னா வீட்டுக்குப் போனேன். ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தார். வெண்ணெயைத் தாராளமாகத் தடவினார்.

"ரெய்னோ, கூரை இறங்கின வருஷம் ஞாபகம் இருக்கா?" என்றார்.

"மறக்க முடியுமாம்மா? பனி பாரம் தாங்காம பாதிக் கூரை உள்ள விழுந்துச்சு."

"அந்த வருஷம் ஒரு ஆட்டமும் இங்க நடக்கல. யாரு கூரை போட்டா? என் மரமில்லு. மில்லு மேல கடன் வாங்கிப் போட்டேன். அப்ப எந்தப் பையனாவது வந்து, 'அம்மா, எங்க பங்குக்கு ரெண்டு ஆணி'ன்னு கேட்டானா? தொப்பி தைக்கத் துணி வாங்கினது நான். விக்காம மூட்டை மூட்டையா கிடந்தப்ப அழுதது நான். இப்ப தொப்பி விக்குது, உடனே பங்குக்கு நிக்கறாங்க. இது நியாயமா, நீங்களே சொல்லுங்க."

நியாயமில்லை என்றேன். முழு மனதோடு சொன்னேன். வெண்ணெய்க்காகச் சொல்லவில்லை!

அங்கிருந்து கார்னெட் வீட்டுக்குப் போனேன். கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வீக்கத்துக்கு ஒத்தடமாக உறைந்த பட்டாணிப் பொட்டலம்.

"வாங்க சல்மி. பட்டாணி சாப்பிடறீங்களா? எல்லா வைத்தியமும் முடிஞ்சு கடைசியா இதைத்தான் சமைப்போம்" என்றான். பிறகு முன்பற்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "இது எங்க போச்சு? பனித்தளத்துல போச்சு. முட்டி எங்க போச்சு? அங்கயேதான். இன்னும் ரெண்டு வருஷம் ஆடுவேன், இல்ல ஒரு வருஷம். அப்புறம் நான் யாரு? கடையில தொப்பி வாங்கறவன் துணிக்காகவா வாங்கறான்? பறவைக்காக வாங்கறான். அந்தப் பறவை சும்மா பறந்துச்சா? நாங்க விழுந்து விழுந்து அதைப் பறக்க விட்டோம்."

அவன் மனைவி ஜோலீன் வாசலில் நின்றபடி, "சல்மி மாமா, அவர் பல்லைப் போடச் சொல்லுங்க. நியாயம் பேசினா எச்சில் தெறிக்குது" என்றாள்.

அவன் சொன்னதும் நியாயம் என்றேன். முழு மனதோடு சொன்னேன். எனக்கு எத்தனை முழு மனது இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை!

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அவுனே கேட்டாள், "என்ன முடிவு பண்ணீங்க?" முடிவு பண்ணலை என்றேன். "அந்தக் காலத்துல தலையில பட்ட ஹாக்கி வட்டு இப்பத்தான் வேலை செய்யுதாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

அன்பார்ந்தவர்களே! இன்று பிற்பகல் நடந்ததைச் சொல்கிறேன். பாதிப் பேருக்கு அது பாதியாகத்தான் தெரியும். கடைசிப் பேச்சுவார்த்தை எங்கே நடந்தது? அரங்கில், வீரர்களின் உடைமாற்றும் அறையில். பனித்தளம் பூட்டு, அந்த ஓர் அறைக்கு மட்டும் வெர்னா சாவி கொடுத்தார். அறையின் நடுவே கம்பளம். கம்பளத்தின் நடுவே நம் லூன் பறவை, சிவந்த கண்ணும் விரித்த சிறகுமாக. உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதன் மேல் யாரும் கால் வைப்பதில்லை! தோற்றுத் தலைகவிழ்ந்து வந்தாலும் சுற்றித்தான் வருவோம், வென்று வெறிபிடித்து வந்தாலும் சுற்றித்தான் வருவோம். எலும்பு முறிந்தவனைத் தூக்கி வந்தபோதுகூடச் சுவரோரமாகத்தான் தூக்கி வந்தோம். அவனே வலியோடு, "சுத்திப் போங்கடா" என்று கத்தினான்.

அந்தப் பக்கம் வெர்னா. இந்தப் பக்கம் கார்னெட். நடுவே பறவை. காபிகூடச் சுவரோரமாகக் கை மாறித்தான் போனது. வெர்னாவுக்கு உதவியாக டொராண்டோவிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார், ஆல்டிங்டன் என்று பெயர். நல்ல மனிதர், நல்ல கோட்டு, நல்ல பளபளப்பான ஷூ. "இதோ புதிய வரைவு" என்று தாளை எடுத்தார். எழுந்தார். கார்னெட்டிடம் கொடுக்க நேராக நடந்தார்.

நேராக!

"யோவ்! காலை எடுய்யா!"

அரங்கம் அதிர்ந்தது. கார்னெட் கத்தினான், வீரர்கள் கத்தினார்கள், நான் கத்தினேன். எல்லோரையும் விட உரக்கக் கத்தியது யார் தெரியுமா? அவருக்குச் சம்பளம் கொடுக்கும் வெர்னா!

பாவம், மனிதர் பறவையின் நெஞ்சின் மேல் நின்றார். ஒரு காலைத் தூக்கிவிட்டார். "எங்கே வைக்கறது?" என்றார். முன்னால் வைத்தால் தலை, பின்னால் வைத்தால் வால், பக்கவாட்டில் சிறகு. ஒற்றைக் காலில் நின்று ஆடினார். அப்போது வெர்னா ஒரு பக்கத்திலிருந்து எட்டி ஒரு கையைப் பிடித்தார். கார்னெட் மறுபக்கத்திலிருந்து எட்டி மறுகையைப் பிடித்தான். "மூணு சொன்னதும் தூக்கு" என்றார் வெர்னா. இருவரும் சேர்ந்து அவரை அப்படியே அந்தரத்தில் தூக்கி, சுவரோரம் நட்டார்கள். கதவடைத்த நாளிலிருந்து உரிமையாளரும் வீரரும் ஒன்றாகச் செய்த முதல் வேலை அதுதான்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

வழக்கறிஞர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மன்னிக்கணும். வெறும் கம்பளம்தானேன்னு நினைச்சேன்" என்றார்.

"வெறும் கம்பளமா?" வெர்னாவின் முகம் சிவந்தது. "இந்தப் பறவைக்காக இந்தப் பசங்க பல்லை விட்டிருக்காங்க, ரத்தம் விட்டிருக்காங்க. இவங்க இல்லாட்டி இது வெறும் நூலு!"

கார்னெட் மெதுவாகச் சொன்னான்: "அம்மா, இதைத்தான் நான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்."

ஆகா, முடிந்தது, தீர்ப்பு தானாக வந்துவிட்டது என்று எழுந்தேன். வெர்னா விடுவாரா? ஒரு மூச்சு இழுத்தார். "சரிடா. நல்ல வருஷம் பறவை உங்களுது. கூரை விழுந்த வருஷம் அது யாருது? அப்பவும் உங்களுதுன்னா நஷ்டத்துக்கும் பாதி கொடுப்பியா? சொல்லு!"

கார்னெட் குனிந்து முட்டியைத் தடவ ஆரம்பித்தான். நான் மறுபடி உட்கார்ந்தேன். என் குழப்பமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

பெரியோரே! தாய்மாரே! இப்போது சொல்லியாக வேண்டும். துணி வாங்கியவர் இல்லாமல் தொப்பி உண்டா? இல்லை! விழுந்து எழுந்தவர் இல்லாமல் பறவை உண்டா? இல்லை! தூங்குவதற்காவது வந்து உட்காரும் நீங்கள் இல்லாமல் இவர்கள் இரண்டு பேருக்கும் பிரித்துக்கொள்ள ஏதாவது உண்டா? இல்லவே இல்லை! எது எவ்வளவு என்று அளக்க எனக்குத் தராசு கிடைக்கவில்லை. தெளிவு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தெளிவு வரும்வரை காத்திருந்தால் நாளை நண்பகல் வந்துவிடும், அணி போய்விடும். ஆகவே குழப்பத்தோடேயே தீர்ப்புச் சொல்கிறேன். நீங்களும் குழப்பத்தோடேயே கையெழுத்திடுங்கள்!

கார் நிறுத்தும் காசும் பீர்க் காசும் தொத்திறைச்சிக் காசும் வெர்னாவுக்கு. கூரையும் அவர் பொறுப்பு. பறவை போட்ட எல்லாப் பொருளிலும் வரும் லாபம் பாதிக்குப் பாதி. விற்காமல் மூட்டையாகக் கிடந்தால், அந்த நட்டமும் பாதிக்குப் பாதி. அதற்காக வீரர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும், நல்லபடி முடிந்தால் வருஷக் கடைசியில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒன்று. இந்தக் கதவடைப்பில் யாரும் பேசச் சொல்லாமல், யாரும் பங்கு கொடுக்காமல், சும்மா சம்பளம் இழந்தவர்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள்: பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவர், சீட்டுக் கிழிப்பவர்கள், சோளப்பொரி விற்பவர்கள். முதல் மாதத் தொப்பிப் பணம் அப்படியே அவர்களுக்கு. அதன் பிறகுதான் உங்கள் பாதியும் பாதியும்!

இது சரியா? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வெர்னாவுக்குக் கொஞ்சம் கோபம் வர வேண்டும், கார்னெட்டுக்கும் கொஞ்சம் கோபம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு முகமும் ஒரே மாதிரி கடுகடுவென்று இருப்பதைப் பார்த்தால், சரியாகத்தான் போட்டிருக்கிறேன் போலும்.

யாராவது இருமக்கூடாதா?

இதோ, வெர்னா அம்மையார் எழுந்துவிட்டார். வழி விடுங்கள். கதவுப் பக்கம் போகிறாரா? இல்லை, மேடைப் பக்கம். கார்னெட், நீயும் வருகிறாயா? வா, வா, முட்டியைப் பார்த்து ஏறு. வெர்னா, ஏனம்மா வலக் கையுறையைக் கழற்றுகிறீர்கள்? ஐயையோ, இடக்கையுறையும்! நம் ஊரில் எதிராளி முன்னால் கையுறையைக் கழற்றினால் இரண்டே காரணம். ஒன்று, சட்டையைப் பிடிப்பார்கள், அல்லது ஆட்டம் முடிந்து வெறுங்கையால் கை குலுக்குவார்கள். இதில் எது என்று தெரியவில்லையே! மேயரே, நடுவே வாருங்கள், எனக்கு வயதாகிவிட்டது!

என்னம்மா கேட்கிறீர்கள்?

"பேனா. பேனா கேட்டேன் ரெய்னோ. கையுறை போட்டுக்கிட்டு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பேனா! மூன்றாவது காரணம் ஒன்று இருப்பது இந்த வயதில்தான் தெரிகிறது எனக்கு! யாரிடமாவது பேனா இருக்கிறதா? ஆல்டிங்டன் ஐயா, வாருங்கள், உங்கள் பேனாதான் நல்ல பேனா. மேடையில் பறவை ஒன்றும் இல்லை, தைரியமாக நேராகவே நடந்து வாருங்கள்!

போட்டுவிட்டார். அதோ, கார்னெட்டும் போட்டுவிட்டான். வெர்னா கொடுத்த அரங்கச் சாவி மேயர் கையில்!

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்க்கும், விழித்தேயிருந்து என்னைக் கௌரவித்த ஆர்வோவுக்கும், என்னைக் குழப்பி எடுத்த இரண்டு நல்லவர்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அடுத்த சந்திப்பு பனித்தள ஓரத்தில், ஆளுக்கொரு காபியோடு. எல்லோருக்கும் வணக்கம்!