ருஷ்கா கடைச் சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாள்

எல்ம் ஃபோர்க் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் விதிமுறை அலுவலர், உயர்திரு வெண்டல் ஸ்டாகர் அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் உவந்தும் உள்ளம் கனத்தும் வாசித்தளிக்கும் மடல்

விதி காத்த வித்தகரே! விளம்பரம் விலக்கிய வேந்தரே! வெள்ளைத் தாளும் ஒட்டுநாடாவும் ஏந்தி வீதி உலா வந்த வீரரே!

இந்த அடைமொழிகளைக் கேட்டதுமே தங்கள் விரல் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடியிருக்கும். இன்று ஒருநாள் பொறுத்தருள்க. கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் மடல் கொஞ்சம் கனக்காவிட்டால் ஆணிக்கு அவமானம்.

கல்லூரி வீரர் எவர் முகமும் எந்தக் கடைச் சரக்கையும் விற்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்திருந்த காலமெல்லாம், அந்த விதிக்கே கைகால் முளைத்தாற்போல் இவ்வூரில் நடந்தீர்கள். முடிவெட்டும் கடையானாலும் டயர்க்கடைக் காலண்டரானாலும், அங்கே தெரியும் வீரர் முகத்தின் மேல் தாளை ஒட்டிவிட்டு, தொப்பியைத் தொட்டு வணங்கி வெளியேறுவீர்கள். கடைக்காரர் நீட்டிய இலவசக் காபியைத் தொட்டதில்லை. முகமில்லாத பிள்ளைகள் பந்தை உயர்த்தி நிற்கும் சுவர்கள் ஊரெங்கும் இருந்தன. அதே நாள்களில் நம் கால்பந்துப் பயிற்சியாளர் நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் மெத்தைமேல் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குத் தடை இல்லை. வியர்த்த முகத்துக்குத் தாள், படுத்த முகத்துக்கு விளக்கு. இதைத் தாங்கள் நியாயம் என்று ஒருபோதும் சொன்னதில்லை; விதி என்று மட்டுமே சொன்னீர்கள்.

ஆர்லன் ருஷ்காவைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் பொய்யாகிவிடும்.

அவர் கொலாச்சி என்ற பழக்கூழ் வைத்த இனிப்பு பன் சுடுகிறவர். மகள் ஜோலின் நம் வாலிபால் அணியில் இறுதி ஆண்டு மாணவி. மகள் படத்தைக் கடை விளம்பரத்தில் போட ஆசைப்பட்டு, அணிச் சீருடையில் போடலாமா என்று முறைப்படி உங்களிடமே வந்து கேட்டார். கூடாது என்றீர்கள். சரி, சீருடைதான் குற்றம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, மாவு படிந்த ஏப்ரனோடு அவள் தட்டு ஏந்தி நிற்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டிவிட்டார். கேட்டுச் செய்தவருக்கு வந்த வினை அது.

காலை உணவுக்குப் போன தாங்கள் பார்த்தீர்கள், பார்த்துவிட்டதால் ஒட்டினீர்கள், ஒட்டியதால் சங்கத்துக்கும் தெரிவித்தீர்கள். அடுப்படியிலிருந்து வந்த ஆர்லன் கேட்டது ஒன்றே ஒன்று:

"வெண்டல், அவ மூஞ்சி அப்படியே என் மூஞ்சிதான்யா. அப்ப நானாவது என் கடையில நிக்கலாமா?"

"நீ நிக்கலாம், ஆர்லன்" என்றீர்கள். பிறகு வெளியே வந்து வண்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். எதிர் வங்கியில் நின்ற எங்களில் ஒருவர் கண்டது இது.

சங்கம் ஜோலினை ஆடவிடாமல் நிறுத்தியது. அவள் மீண்டும் ஆடலாம் என்ற அனுமதி ஒரு திங்கட்கிழமை வந்தது. உள்ளூரில் அவ்வணியின் கடைசி ஆட்டம் அதற்கு முந்திய சனிக்கிழமையே முடிந்துவிட்டது. இறுதி ஆண்டுப் பிள்ளைகள் பெற்றோர் கைகோத்து ஆடுகளத்தைக் கடக்கும் அந்த மாலையில், மற்றப் பெண்கள் சீருடையில் வந்தார்கள். ஜோலின் குளிர்கோட்டில் வந்தாள். ஏற்கெனவே இதயம் பழுதுபட்டிருந்த ஆர்லன், பூங்கொத்தைப் பிடித்தபடி ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனார். ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். மகள் நம் களத்தில் ஆடி அவர் பார்க்க வேண்டிய ஓர் ஆட்டம் பாக்கியிருந்தது.

பின்பு விதி மாறியது; வீரர்களும் விளம்பரத்தில் நின்று காசு வாங்கலாம் என்றானது. அன்று தடுத்தவர்களே இன்று வீரர்களைத் தோளில் தூக்கிக் கார்க்கடை மேடையில் நிற்கிறார்கள். இப்படியொரு நாள் வரத் தாமே நெடுங்காலம் பாடுபட்டதாக நம் துறைத் தலைவர் சற்றுமுன் இதே ஒலிபெருக்கியில் உருகினார். தாங்களோ புதிய பிள்ளைகள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "படிக்காம கையெழுத்துப் போடாதே கண்ணா" என்று வரிவரியாக ஒப்பந்தம் படித்துக் காட்டினீர்கள். ஆனால் ருஷ்கா கடை வந்தால் மட்டும் தெருவின் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தீர்கள். அதையும் பார்த்திருக்கிறோம்.

இவ்விழாவுக்குக் கொலாச்சி சொல்லிவைக்க அந்தக் கடைக்குப் போனோம். படம் இன்னும் அதே சுவரில். முகத்தின் மேல் மஞ்சள் பூத்துப்போன அதே தாள். ஆர்லனின் மனைவி டார்லா அம்மாள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"பன்னெல்லாம் அனுப்ப மாட்டேன். அந்த மனுஷனைச் சாப்பிட வரச் சொல்லுங்க. ஒட்டினது அவரு, நானும் கை வைக்கல, ஜோலினும் வைக்கல. அவரே வந்து எடுக்கட்டும்."

சபையில் இதைச் சொல்வது முறையல்ல. தனியே எழுதிக் கொடுத்திருந்தால் சிவப்புப் பேனாவால் அடித்திருப்பீர்கள். ஆகையால், ஐயா, இம்மண்டபத்துத் தட்டுகள் வெறுமையாக இருப்பதற்குச் சமையலறை காரணமல்ல, விருந்து ருஷ்கா கடையில். ஜோலின் ஓமஹாவிலிருந்து வந்து, ஏப்ரன் கட்டி நிற்கிறாள்.

நோய் அணுகா உடலும், எதிர்ச் சாரிக்கு ஒதுங்கத் தேவையில்லாத நடையும் பெற்று நெடுநாள் வாழ்க. நாங்கள் தெருவிலேயே நிற்போம். தாங்கள் மட்டும் உள்ளே போங்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு போங்கள். ஒட்டுநாடாவை எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

தங்கள் பேனாவுக்கு அஞ்சி, தங்களுக்கு அஞ்சாத,
விளையாட்டுத் துறை அலுவலர்கள்,
எல்ம் ஃபோர்க், நெப்ராஸ்கா