பை நிறைந்தால்

ஐயா, இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. காகிதத்தை நாலாக மடித்து முட்டுக் கொடுத்தால் ஆடாது. எதையும் சரிசெய்யாமல் சும்மா உட்கார எனக்கு வராது.

என் வேலையைச் சொல்கிறேன். ஒரு செயலிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. ஒவ்வொரு காரியத்துக்கும் அது ஒரு சீட்டு எழுதிப் பையில் போடும்படி வழி வடிவமைத்தவன் நான். திறந்தால் ஒரு சீட்டு, பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு. பையிலிருப்பதைத் தொலைவிலுள்ள ஒரு கணினி அள்ளிக்கொள்ளும். வியாபாரக் குடும்பம் எங்களுடையது. வந்தவர் எந்தத் துணியை இரண்டாம் தரம் தொட்டார் என்று கவனிப்பது ரத்தத்திலேயே இருக்கிறது.

கூட வேலை செய்யும் பெண்மணி, எதற்கும் வாதாடுவதால் வக்கீலம்மா, அன்று கேட்டார்: “பை ரொம்பிட்டா சீட்டத் தூக்கிப் போடறதா, இல்ல கணினி அள்ளுற வரைக்கும் செயலியக் காக்க வைக்கிறதா சார்?”

“தூக்கிப் போடுங்கம்மா. போட்டோ பிடிக்கிறவனுக்காக ஓட்டப்பந்தயத்த நிறுத்துவாங்களா?”

“அப்ப காக்க வைக்கிற வசதி எதுக்கு?”

“ஒரு சீட்டும் தவறக் கூடாதுன்னு யாராவது கேப்பாங்க.”

“யாரு சார் அப்படிக் கேக்கப் போறாங்க?”

நான்தான் கேட்டேன். தனியாக இருப்பவர்கள் மாத்திரை நேரம் குறிக்கவும் ஆம்புலன்ஸை அழைக்கவும் எங்கள் நிறுவனம் ஒரு செயலி செய்திருந்தது. என்னைப் பிரிந்து ஊரின் மறுகோடியில் இருந்த மனைவிக்கு இளைப்பு நோய். அவள் கைபேசியில் நானே போட்டுக் கொடுத்தேன். அந்த ஒன்றில் மட்டும் ‘காத்திரு’ என்று மாற்றி, அதன் சீட்டுகளை என் வீட்டுக் கணினியே அள்ளும்படி வைத்தேன். காலை ஆறு பன்னிரண்டுக்குத் திறந்தாள். எட்டுக்கு மாத்திரை போட்டதாகக் குறித்தாள். பக்கத்து அறையில் ஆள் நடமாடுவது போல இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவேன்.

ஒரு நாள் என் கணினி பழுதாகி, பை நிறைந்து, செயலி உறைந்தது. அவள் கூப்பிட்டாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

“என்னங்க, உங்க ஆபீஸ் செயலி அசைய மாட்டேங்குது. பாத்துக் குடுங்க. வேற எதுவும் கேக்காதீங்க, சொல்லிட்டேன்.”

“சாப்பிட்டியா?”

“பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டீங்க.” சிரித்தாள். நாலு நிமிடம் பேசினோம்.

அப்புறம் கணினியை நானே நிறுத்தத் தொடங்கினேன், எப்போதாவது. கூப்பிடுவாள். “போன் பழசு” என்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அவள் பேசி மூன்று வாரமாகியிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு நிறுத்திவிட்டு, கைபேசியை மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன். நாலு மணிக்கு மனம் விட்டுப்போய்க் கணினியை ஓடவிட்டேன். பையில் நிறைந்திருந்தவற்றின் பின்னால், காத்துக் கிடந்த பதினொரு சீட்டுகள் ஒன்றாக விழுந்தன. எல்லாம் ஆம்புலன்ஸ் பொத்தான். முதல் அழுத்தல் இரண்டு நாற்பது, கடைசி மூன்று ஐந்து. தேங்கியிருந்த அழைப்பும் அப்போதுதான் போனது. வண்டி உடனே போயிற்று. அவர்கள் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பொத்தானுக்கு நிரல் எழுதியவர் என்று வக்கீலம்மாவை மூன்று நாளாக விசாரிக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் எழுதியதில் ஒரு பிழை இல்லை. ‘காத்திரு’ என்று மாற்றியது நான், கணினியை நிறுத்தியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஐயா, கைபேசி அவள் கையில்தான் இருந்திருக்கிறது. பதினொரு தரம் அதை அழுத்தியவள், ஒரே ஒரு தரம் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஓடியிருப்பேன். கடைசி வரைக்கும் அவ்வளவு பிடிவாதம் அவளுக்கு.