துணிக்கொடி பார்த்துத் துப்புரைத்த அண்ணனுக்கு

தெருவெல்லாம் தேய்த்த திருவடிக்கு உரியவரே, தீர விசாரித்தும் தீச்சொல் அறியாத திருவாயரே, எங்கள் விசாரணை அண்ணனே, வணக்கம்!

வழக்கில் வெல்வது வேறு, வென்றது கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை இந்த வக்கீல் அலுவலகத்துக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் நடந்து நடந்தே சொன்னவர் நீங்கள். தீர்ப்போடு வருகிறவர்கள் "தேறுமா?" என்று கேட்பார்கள். தோற்றவரிடம் கொடுக்க ஏதும் உண்டா என்று பார்த்துவரக் குடையோடு கிளம்புவீர்கள். கதவைத் தட்ட மாட்டீர்கள். கொடியில் காயும் துணியைத்தான் பார்ப்பீர்கள். எத்தனை பேர், என்ன வேலை, என்ன வரும்படி, எல்லாம் அங்கே தொங்கும் என்பீர்கள். "ஊரார் வீட்டுக் கொடியை எண்ணுற மனுஷன், மழை வந்தா நம்ம வீட்டுத் துணியை எடுக்க மாட்டாரு" என்று அண்ணி சொல்லாத நாளில்லை.

பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து ஏமாந்த தையற்கார அக்காவை மறப்போமா? தீர்ப்பு அவர் பக்கம். ஏமாற்றிய கடைக்காரரோ கடையை மூடிவிட்டார். மேற்கொண்டு வழக்கு நடத்தத் தையல் மெஷினையே விற்கத் துணிந்தார் அக்கா. நீங்கள் போய்ப் பார்த்தீர்கள்; கடைக்காரர் வீட்டுக் கொடியில் இரண்டே இரண்டு கிழிசல் சட்டை. "தேறாதுக்கா. மெஷினை வித்துராதீங்க" என்றீர்கள். அவர் தீர்ப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கோப்பை மூடினோம், உங்கள் மனம் மூடவில்லை. தீர்ப்புக்கும் ஆயுள் உண்டு, பன்னிரண்டு ஆண்டு; கடந்தால் வெறும் காகிதம். அது முடிய நான்கே மாதம் இருந்தபோது, ஒரு மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தீர்கள். "அக்காவைக் கூப்பிடுங்க. அஞ்சு சட்டை காயுது, அஞ்சும் ஒரே நிறம்." கம்பெனிச் சீருடை; கடைக்காரருக்கு இப்போது மாதச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க உத்தரவும் வந்தது. இத்தனை வருஷமும் தனக்காகவா அந்தத் தெருவுக்குப் போனீர்கள் என்று அக்கா கேட்டபோது, "வழியிலதான்க்கா இருக்கு" என்றீர்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற தெரு அது என்பது எங்களுக்குத் தெரியும்.

நாளை முதல் உங்களுக்கு ஓய்வு; அந்தக் குடை கதவோரம் சாய்ந்திருக்காது. வாசலில் நிழலாடினால் நீங்கள்தானோ என்று நிமிர்வோம், "தேறுமா?" என்று யார் கேட்டாலும் எங்கள் கண் உங்கள் நாற்காலிக்கே போகும்.

அண்ணியோடு நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள். மழை வந்தால் துணியை எடுங்கள். நீங்கள் "தேறாது" என்று எழுதிய முப்பத்தொரு கோப்புகள் அலமாரியில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தெருக்களுக்கு நாங்கள் போய்வருவோம்.

வழியிலதான் இருக்கு, அண்ணே.

விடைகொடுக்க மனமில்லாத
அலுவலகத்தார்