நெல் ஸ்டோர் மண்டபம்

— நான் சொல்றது பிழையாவும் இரிக்கலாம், ஸம்றா. சில விசயம் எனக்கே கலங்கித்தான் கிடக்கு.

— கதைய மாத்தாதீங்க வாப்பா. வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்புளட கையப் புடிச்சி என்னக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?

— நிக்காஹ் விசயம் பாக்குற காதியார் குடுப்பார்.

— பொம்புளப் புள்ளைக்கு வாப்பாதானே வொலியா நிண்டு குடுக்கணும்? நீங்க உசிரோட குந்தியிரிக்கக்குள்ள காதியார் என்னத்துக்கு? சனம் என்ன கதைக்கும்? உம்மாவும் இல்ல. நீங்களும் மேடைக்கு வராட்டி எனக்கு ஆர் இரிக்கா?

— மேடைக்கு வருவன். ஓரமா நிப்பன்.

— விளங்கிட்டு. மண்டபம்தான் புடிக்கல்ல. மாப்புள ஊட்டார் எடுத்தது, நான் என்ன செய்ய?

— வெள்ளக்காரன் கட்டின நெல் ஸ்டோர் அது. நான் சின்னப் புள்ளையா இரிக்கக்குள்ள அதுக்குள்ள கைத்தறி போட்டிருந்தாங்க. தெருவால போனாச் சத்தம் கேக்கும்.

— இப்ப ஏசி போட்டிரிக்காங்க. மேடைக்குப் பின்னால பழைய செங்கல் செவர அப்படியே உட்டிரிக்காங்க. போட்டோக்கு வடிவாம்.

— அந்தச் செவரோரந்தான் மையித்துகளக் கிடத்தினாங்க. சுனாமிக்கு மறுநாள்.

— தெரியும் வாப்பா. என்னோட இரட்டையாப் பொறந்த ஹாதிக்கையும் அங்கதானே கண்டீங்க? உம்மா சொல்லியிரிக்கா.

— நானும் உம்மாவும்தான் தேடிப் போனம். மழ பெஞ்சிச்சா எண்டு இப்ப ஞாபகமில்ல. உம்மாட சட்டையெல்லாம் பால் ஊறி நனஞ்சிருந்திச்சி. அது மறக்கல்ல.

— அழாதீங்க வாப்பா.

— மையித்து ஏத்தி வந்த ட்ராக்டர்காரன் ஒரு கைக்குழந்தையத் தூக்கி வெச்சிக்கிட்டு நிண்டான். உசிரோட. அதப் பெத்தவ கோமாரிப் பக்கம் கரையொதுங்கின மையித்து. ஆரெண்டு ஆருக்கும் தெரியா. குழந்தை பசியில கத்திச்சி. உம்மா ஒண்டும் கேக்கல்ல. வாங்கி, ஹாதிக்ட மையித்துக்குப் பக்கத்துல குந்தி, பால் குடுத்தா.

— இத உம்மா சொல்லவேயில்லயே. மறுகா?

— ஹாதிக்க அண்டைக்கே அடக்கினம். பக்கத்துக் கபுறுல அந்தப் பொம்புளய. தேடி ஆரும் வரல்ல. உம்மா போன வருசம் சொல்லாமலே மவுத்தாகிட்டா.

— வாப்பா, அந்தக் குழந்தைக்கு என்னாச்சு?

— பால் குடுத்து வளத்தா மகள்தானாம், ஆனா வளத்த வாப்பா வொலியா நிக்க ஏலாதாம். காதியார்ட்டக் கேட்டுட்டன். வெள்ளிக்கிழமை அதுக்கு நிக்காஹ்.