மஞ்சள் புள்ளி

நான் கலகலப்பான ஆள் சார். வேலை செய்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டும் எனக்கு. ஆஸ்பத்திரி என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்ன?

பாதுகாப்பு அறைக்கு நான்தான் பொறுப்பு. போன வருடம் நர்ஸுகள் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டுகிற பட்டன் அட்டை கொடுத்தோம். யாராவது கை ஓங்கினால் அதை அழுத்தினால் போதும். எந்த மாடி, எந்த அறை என்று என் திரையில் சிவப்புப் புள்ளி தெரியும், மணி அடிக்கும், காவலர்கள் ஓடுவார்கள். என் யோசனைதான். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கக் குனியும்போதெல்லாம் அட்டை கட்டில் கம்பியில் இடித்து மணி அடித்துவிடும். காவலர்கள் விழுந்தடித்து ஓடினால், அங்கே சிஸ்டர் படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஒரே கூத்து. மூன்றாம் மாடி அக்கா மட்டும் ஒரே நாளில் ஒன்பது தடவை.

“என்ன தம்பி, ஒம்பது தடவை கூப்பிட்டும் ஒரு டீ கூட வரலையே?” என்று என்னையே கேலி செய்வார். தங்கமான மனுஷி.

காவலர் தலைவருக்குத்தான் மூச்சு வாங்கியது. “அண்ணே, இது புலி வருது கதையா ஆயிடுச்சு. நெஜமாவே புலி வர்றப்போ எவனும் எந்திரிக்க மாட்டான்.”

நியாயமான பேச்சு. அன்றைக்கே சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். ஒரே அறையில் இரண்டு அட்டைகள் அழுத்தப்பட்டால்தான் சிவப்பும் மணியும். ஒன்று மட்டும் என்றால் சத்தமில்லாமல் ஒரு மஞ்சள் புள்ளி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார்கள், பயந்தால் கலகலப்பு போய்விடும்.

மணிச் சத்தம் அடங்கியது. தலைமை டாக்டர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நர்ஸுகளுக்கும் தைரியம் வந்துவிட்டது. முன்பெல்லாம் அடிக்க வருகிற நோயாளி அறைக்கு இரண்டு பேராகத்தான் போவார்கள். “இது இருக்கப்ப இன்னொரு ஆள் எதுக்கு?” என்று அக்கா அட்டையைத் தட்டிக் காட்டிவிட்டுத் தனியாகவே போக ஆரம்பித்தார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, மூன்றாம் மாடிக் கடைசி அறையில் மஞ்சள் புள்ளி. அக்கா குனிந்திருப்பார் என்று நினைத்தேன். அப்புறம் அதே அட்டையிலிருந்து இன்னொன்று. ஐந்தாவது வந்தபோது புரிந்துவிட்டது. கட்டில் கம்பி அப்படி விடாமல் இடிக்காது.

காவலர் தலைவர் எதிரில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும், இரண்டு நிமிடத்தில் மேலே போயிருப்பார். ஆனால் மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பாரே. திரையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தேன், நல்ல ஜோக்தான்.

சாப்பாடு கொண்டுபோன ஆயா கதவைத் திறந்தபோது அக்கா தரையில் கிடந்தார். உயிர் இல்லை. அந்த நோயாளி கட்டிலில் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம்.

எனக்கும் மனசு கனக்கத்தான் செய்கிறது. அடக்கத்தன்று நான் அழுத அளவு அவர் தம்பிகூட அழவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் சார். அக்கா பதினான்கு தடவை அழுத்தினார், பதினான்கும் ஒன்று விடாமல் என் திரைக்கு வந்து சேர்ந்தது. நான் செய்த ஏற்பாட்டில் குறை இருந்தது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.