படிச்ச ஆளோட நம்பர்

இன்னொரு தடவ அமுக்கிப் பாரு பாப்பா. அமுக்கினியா? அதே எழுத்துதான் வருதா? அட நாசமாப் போவ! ஆன்லைனுல வந்துட்டா ஆபீஸுக்கு அலைய வேணாம், வூட்டுல குந்திக்கிட்டே லைசென்ஸ புதுப்பிச்சுக்கலாம்னு மைக்கப் புடிச்சுப் பேசினானுவ. கருவேப்பிலங்குறிச்சியிலேர்ந்து விருத்தாசலத்துக்கு பஸ்ஸு ஏறி வந்து உன் இ-சேவை சென்டருல காலையிலேர்ந்து காத்துக் கெடக்கறேன். இதுவா வூடு?

கோவப்படாம கொஞ்சவா சொல்ற? உரமும் பூச்சிமருந்தும் விக்கிற கடை எனக்கு. லைசென்ஸு இன்னையோட முடியுது. நாளைக்குத் தொறந்தா சீலு வெச்சுட்டுப் போயிருவாங்க. நெல்லுல புகையான் பூச்சி வுழுந்து ஆளுங்க மருந்துக்கு வாசல்ல நிக்கிற நேரம் இது.

முன்னல்லாம் இந்த எழவு ஏது? பூச்சிமருந்து விக்கணும்னா அக்ரி படிச்ச ஆளு ஒருத்தர் கடையில இருக்கணும்னு சட்டம். எம்பொண்ணு தென்றலு படிச்சவ. அவ சர்ட்டிபிகேட்ட ஜெராக்ஸு எடுத்து பைலுல வெச்சுக் குடுத்தா வேல முடிஞ்சுது. ஆளு எங்கன்னு எவன் கேட்டான்? இப்ப இந்த மிஷினு கேக்குது. படிச்ச ஆளு செல்லுக்கு ஓடிபி அனுப்பறேன், அதச் சொல்லுங்குது.

என் நம்பர மாத்திப் போடேன். முடியாதா? ஆதாருல அவ நம்பருதான் இருக்குதா? நல்லா வெச்சீங்கய்யா ஆப்பு.

போன் பண்ணிக் கேக்கறதுக்கு என்னாவா? நீ கேப்ப. நான் கூப்புட்டா எடுக்க மாட்டா. எந்த ஊருலயா? இதே விருத்தாசலந்தான். பீங்கான் கம்பெனியில ஜெயராஜுன்னு ஒருத்தன், வேற சாதிக்காரன், அவனக் கட்டிக்கிட்டு... வுடு. சொந்தக்காரன் முன்னால நான் தலையத் தூக்கி நடக்க வேணாமா?

என்னா, அங்கயே பாக்கற? ஆமா, எதுத்த செவுத்துல கிழிஞ்சு தொங்குதே கண்ணீர் அஞ்சலி போஸ்டரு, அதுல மாலயோட இருக்கறது அவதான். செத்தெல்லாம் போவல. நான்தான் அடிச்சு ஒட்டினேன், அவ வேலைக்குப் போற வழின்னு பாத்து. மொட்ட போட்டுக் கருமாதியும் பண்ணிட்டேன்.

ஏ பாப்பா, எந்திரிச்சுப் போவாத. குந்து. நீயே கூப்புடு அவள. அப்பான்னு சொல்லாத, லைசென்ஸு விஷயம்னு மட்டும் சொல்லு.

எடுத்துட்டாளா? என்னாங்கறா? நான் பக்கத்துல இருக்கறேன்னு கண்டுபுடிச்சுட்டாளா? திட்டறாளா? திட்டலயா? ஒண்ணுமே கேக்காம நம்பரச் சொல்றாளா?

இரு, நம்பர அடிக்காத. கைய எடு. ஸ்பீக்கருல போடு. நேரம் முடிஞ்சு ஓடிபி செல்லாமப் போயிருமா? போவட்டும் சனியன், கடையே போவட்டும். அவ கொரலக் கேட்டு எத்தினி நாளாவுது, போடு பாப்பா.